புளி போட்டு விளக்கின துவக்கு

இஞ்சாருங்கோ,

உங்களை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்லறைக் கல்லில் பெயர் இருக்கிறது, பூசையில் சுவாமியார் பெயரைச் சொல்லி மன்றாடினார், அது அவர்கள் பாடு. நான் வழக்கம்போலத்தான் கூப்பிடுவேன். நீங்கள் பேஸ்மென்றில் நின்றால் மேலேயிருந்து இரண்டு மூன்று தரம் கத்தினால்தான் உங்களுக்குக் கேட்கும். இப்போதும் அங்கேதான் நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருசம், ஆண்டுப் பூசை நல்லபடி முடிந்தது. மண்டபத்தில் கதிரை காணாத அளவுக்குச் சனம். றோல்ஸ் முடிந்துபோய் மருமகன் ஓடிப்போய் இன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். பாட்டுக்காரர் உங்களுக்குப் பிடிக்காத அந்த இழுவைப் பாட்டையே பாடினார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் உங்களைச் 'சத்தமில்லாத மனிதர்' என்றார், சனம் முழுக்கத் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் செய்தி. உங்கள் துவக்கை நான் புளி போட்டு விளக்கிப்போட்டேன்.

ஓம், அந்தப் பழைய வேட்டைத் துவக்கைத்தான். "றெஜினா, வீட்டில எதை வேணுமெண்டாலும் விளக்கும், இதை மட்டும் தொடாதையும்" என்று நீங்கள் சொன்ன அதே துவக்கை. மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. நீங்கள் எழும்பி வந்து என்னைப் பேசினாலும் செய்தது சரி என்றுதான் சொல்வேன். எழும்பி வந்து பேசினால் நல்லது.

இதை ஒரு நாள் பேரப்பிள்ளைகளும் வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் தெரியட்டும், எனக்கும் ஒரு தரம் சொன்னால் மனம் ஆறும்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஓடுகிற பெல்ற்றுகளைத் திருத்துகிற மெக்கானிக் நீங்கள். ஒரு இலையுதிர் காலத்தில், நகரத்துக்கு வெளியே பண்ணை வைத்திருந்த ஒரு கமக்காரர் தன் கொட்டிலைக் காலி பண்ணுகிறார் என்று கேள்விப்பட்டு, பனி தள்ளுகிற மெஷின் வாங்கப் போனீர்கள். போன மனிதர் துவக்கோடு வந்து நின்றீர்கள். அந்த மாரி முழுவதும் வாசல் பனியைச் சவளால் தள்ளினது நான்.

அது எங்கள் பூட்டன்மார் காலத்து வேட்டைத் துவக்கு. விசைக்குக் கீழே வளையம்போல ஒரு நெம்புகோல், அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். நடு உடம்பு பித்தளை. நீங்கள் கொண்டுவந்தபோது மரப்பிடி பிளந்து கிடந்தது, குழல் முழுக்கத் துரு ஏறிக் கறள். ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு விசரன் தொலைநோக்கி பூட்டுவதற்காக அந்தப் பித்தளையின் பக்கத்தில் மூன்று துளை போட்டிருந்தான். அவ்வளவு பழசு என்பதால் சட்டம் அதைப் பழம்பொருள் என்றுதான் பார்க்கும் என்று எனக்கு விளக்கம் வேறு தந்தீர்கள்.

சட்டம் எப்படியும் பார்க்கட்டும், எங்கள் சனம் எப்படிப் பார்த்தது? துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று, "ஊரில கண்டது காணாதெண்டு இஞ்சயும் வாங்கி வைச்சிருக்கிறாராம்" என்று என் காதுபடக் கதைத்தார்கள். நீங்கள் கேட்டும் கேளாதவர்போல நின்றீர்கள். எனக்கும் விருப்பமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கத்தினேன், மூன்று நான்கு நாள் கதைக்காமலும் இருந்தேன்.

கடைசியில் நீங்கள் சொன்ன மறுமொழி இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. "ஆக்களுக்கெண்டு செய்த துவக்கைப் பாத்துப் பாத்து எனக்குக் காணும். மானுக்கெண்டு செய்த ஒண்டை ஒருக்கா வடிவாப் பாக்கிறன், விடும்."

விட்டேன். இரண்டு நிபந்தனையோடு விட்டேன். வீட்டுக்குள் ஒரு தோட்டாவும் வரக்கூடாது, மாதா சுரூபம் இருக்கிற தளத்துக்கு அந்தத் துவக்கு ஏறக்கூடாது. இரண்டையும் கடைசிவரை காப்பாற்றினீர்கள். அது பேஸ்மென்றிலேயே கிடந்தது, ஒரு வெடியும் வைக்காமல்.

எத்தனை மாரி அதோடு கழித்தீர்கள்? மரத்தை ஒட்டினீர்கள், கறளை எடுத்தீர்கள், அந்தச் சின்ன லேத் மெஷினைப் போட்டுக் கீச்சுக்கீச்சென்று எதையோ கடைந்தீர்கள். பிறகு பித்தளையைக் கறுக்க வைக்கிற அமோனியாவின் மூக்கைப் பிடுங்குகிற நாற்றம் படியேறி வந்து என் சோற்றுப் பானைவரைக்கும் வந்தது. எல்லாம் முடிந்து என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினபோது துளைகளைக் காணவில்லை. ஆனால் பித்தளை கரிச்சட்டிபோலக் கறுத்துக் கிடந்தது. இவ்வளவு நாளும் மினக்கெட்டு இதையோ செய்தீர்கள் என்று கேட்டேன். கறுப்புத்தான் அதன் வடிவு என்றீர்கள். அப்போதுதான் 'தொடாதையும்' என்ற கட்டளையும் வந்தது.

யாரிடம் சொன்னீர்கள், யோசித்துப் பாருங்கள். கோயில் திருநாளுக்கு மெழுகுதிரித் தண்டுகள் விளக்குகிற முறை என்னுடையது என்றால் மற்றப் பெண்கள் பேசாமல் ஒதுங்கி நிற்பார்கள். பித்தளை கறுத்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. "உம்மை விட்டால் சுவாமியாரின்ர மொட்டையையும் புளி போட்டு விளக்குவீர்" என்று நக்கலடித்ததும் நீங்கள்தானே.

சரி, இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

எங்கள் மகள் அனிற்றா என்னைப் புரோசார்ட்டில் இருக்கிற தங்கள் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னாள். கீழே தனி அறை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தனிய இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றாள். எனக்கும் விருப்பம்தான். அந்த வீட்டில் உங்கள் இருமலைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தது, அது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் மருமகன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார், இரண்டு சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டுக்குத் துவக்கு வேண்டாம் மாமி என்றார். அதில் என்ன பிழை? நானும் ஒரு காலத்தில் அதைத்தானே சொன்னேன்.

அப்போ விற்பது என்று முடிவானது. அனிற்றா புவாண்ட்-கிளேரில் ஜில் என்று ஒருவரைக் கண்டுபிடித்தாள். சேகரிப்பாளர்களுக்குப் பழைய துவக்குகளைப் பார்த்து, எது அசல், எது திருத்தினது என்று மதிப்பிட்டுச் சொல்கிறவர், தன் கடையிலேயே வைத்து விற்றும் கொடுப்பார். அவள் போனில் படங்கள் எடுத்து அனுப்பினாள். மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லையாம். இவ்வளவு காலம் கை படாமல் கிடந்த பித்தளையைத் தான் கண்டு கனகாலம் என்றாராம். ஒன்ராறியோவில் இருக்கிற ஒரு சேகரிப்பாளருக்கு உடனே படத்தைக் காட்ட, அவரும் ஆசைப்பட்டுவிட்டாராம். பூசைக்கு அடுத்த கிழமை கொண்டு வாருங்கள் என்றார்.

அழுக்குக்கு விலை கொடுக்கிற சனம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாராவது சொன்னார்களா? கொண்டுபோக வேண்டும் என்று மட்டும்தான் மகள் சொன்னாள். அதற்கிடையில் வந்தது உங்கள் ஆண்டு.

எங்கள் அம்மா வீட்டு முறை உங்களுக்குத் தெரியும். ஆண்டுப் பூசைக்கு முதல் வீட்டில் இருக்கிற பித்தளை அத்தனையையும் விளக்க வேண்டும். ஒரு சாமானாவது கறுத்துக் கிடந்தால் துக்கம் இன்னும் அந்த வீட்டில் குந்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குசினித் தரையில் பேப்பரை விரித்துச் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் அடித்தட்டு, மணி, தூபக்கிண்ணம், ஒற்றை மெழுகுதிரித் தண்டு எல்லாவற்றையும் பரப்பினேன். அந்த ஒற்றைத் தண்டைப் பற்றி உங்களிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன். என் அக்கா கொழும்பிலிருந்து சோடியாய் அனுப்பினது. அனிற்றா சின்னதில் பீடத்துக்கு முன்னால் சுவாமியார் விளையாட்டு விளையாடி ஒன்றை விழுத்தி உடைத்தாள். ஒட்டித் தாறன் என்று கீழே கொண்டுபோன நீங்கள் பிறகு அதைக் கண்ணில் காட்டவேயில்லை.

எல்லாம் விளக்கி முடிந்தது. கையைக் கழுவப் போனபோது நினைவு வந்தது, இந்த வீட்டில் இன்னொரு பித்தளை இருக்கிறது. யாருடைய ஆண்டுக்கு விளக்குகிறேனோ அவருடைய சாமான் மட்டும் கறுத்துக் கிடக்கிறது. நான் எந்த முகத்தோடு பூசைக்குப் போவேன்?

கீழே போய் அலுமாரியைத் திறந்தேன். மேலே கொண்டுவந்தால் மாதாவுக்குக் கொடுத்த வாக்குத் தவறிவிடும் என்று புளியைக் கீழே கொண்டுபோனேன். மரத்தில் ஈரம் படாமல் துணி சுற்றி, புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் கழன்று, உள்ளேயிருந்து ஒரு செம்மஞ்சள் வந்தது, அவ்வளவு வடிவு. ஆனால் பக்கத்தில் மூன்று சின்ன வட்டம் மட்டும் வேறு நிறம், நல்ல மஞ்சள். அமோனியாக் கறை என்று நினைத்து அந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அது இன்னும் மஞ்சளாய்த்தான் வந்தது.

அடுத்த கிழமை அனிற்றாவின் காரில் புவாண்ட்-கிளேருக்குப் போனோம். கடை சின்னது, சுவர் முழுக்கக் கண்ணாடி அலுமாரி. ஜில் கையுறை போட்டுக்கொண்டு, பிறந்த பிள்ளையை வாங்குகிறவர்போல இரண்டு கையையும் நீட்டினார். நான் துணியை எடுத்தேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். செத்த வீட்டுக்கு வந்த ஆட்களின் முகத்தை நான் இந்த வருசம் நிறையப் பார்த்துவிட்டேன், அதே முகம்.

யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எதைக்கொண்டு என்று கேட்டார். அனிற்றா போனில் புளியின் படத்தை எடுத்துக் காட்டினாள். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

ஆனாலும் வேலைக்காரர்தான், பொய் சொல்லக்கூடாது. எழும்பி விளக்கைப் போட்டுக் குழலுக்குள் பார்த்தார். குழலில் வெட்டின எழுத்துகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கறள் எடுத்தவர் எழுத்தின் கூர் மழுங்காமல் எடுத்திருக்கிறார் என்றார். மரமும் பித்தளையும் சந்திக்கிற விளிம்பில் நகத்தை ஓட்டினார். அரைகுறை ஆட்கள் மரத்தைத் தேய்த்துப் பித்தளையைவிடத் தாழ்த்திவிடுவார்களாம், இங்கே அப்படி இல்லையாம். நெம்புகோலைக் காதருகே வைத்து இழுத்துத் தள்ளி, கண்ணை மூடிக் கேட்டார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மீன் குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் கீழேயிருந்து கேட்ட சத்தம்.

பிறகு அந்த மூன்று மஞ்சள் வட்டத்துக்கு வந்தார். துளையை அடைத்திருக்கிறார் என்றார். துளைக்குள் புரி வெட்டி, அதற்குத் திருகாணி கடைந்து, முறுக்கி இறக்கி, அராவிச் சமப்படுத்தியிருக்கிறார், நகத்துக்கே தட்டுப்படவில்லை என்றார். எனக்குப் பெருமையாய் இருந்தது. அந்தப் பெருமை ஒரு நிமிசம்கூட நிலைக்கவில்லை. ஆனால் உலோகத்தில் பிழை விட்டுவிட்டார் என்றார். துவக்கின் உடம்பு செம்பு கூடின சிவந்த கலவையாம், இவர் போட்டது மலிவான மஞ்சள் பித்தளையாம். கறுப்பாய் இருக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது, விளக்கினால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். 'ஆனால் துவக்கைத் தெரிந்த எவரும் அதை விளக்கமாட்டார்களே' என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் மனிதர் குரலைத் தாழ்த்தி, என்னை விட்டுவிட்டு அனிற்றாவோடு பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினார். தன்னிடம் மருந்து இருக்கிறதாம், சில நாளில் திரும்பக் கறுப்பாக்கிவிடலாமாம். மூன்று வட்டமும் மறைந்துவிடும். சேகரிப்பாளர் படத்தில் பார்த்ததுபோலவே, கை படாத அசல் என்றே வாங்கிக்கொள்வார். அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டிய தேவை இல்லை. எப்படியும் உங்கள் அப்பாவே ஒளிக்கத்தானே செய்திருக்கிறார், யாரையோ ஏமாற்றத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்றார்.

டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலையில் நான் வருசக்கணக்காய்க் கேட்டது எந்தப் பாசை என்று நினைத்தார்? வாய் திறந்து கதைத்தால் என் பிரெஞ்சு நொண்டும். காது நொண்டாது.

நான் மேசையில் கையை வைத்தேன். என் நொண்டிப் பிரெஞ்சில் சொன்னதை உங்களுக்கு எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன். "அவர் ஒளிச்சால் ஏமாத்து, நீங்கள் ஒளிச்சால் வியாபாரமோ?"

அனிற்றா என் கையைப் பிடித்தாள். கடைக்காரர் சிவந்துபோய், சரி, அப்படியென்றால் உள்ளதை உள்ளபடி எழுதித் தருகிறேன், ஆனால் சேகரிப்பாளர் எவரும் திரும்பியும் பார்க்கமாட்டார் என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். குழல் துப்புரவாக்கப்பட்டது, மரப்பிளவு ஒட்டப்பட்டது, துளைகள் அடைக்கப்பட்டன, பித்தளை விளக்கப்பட்டது. திருத்தியவர் யார் என்ற இடத்துக்கு வந்ததும் 'தெரியாது' என்று எழுதினார்.

தெரியாதாமோ? உங்களுக்காக நான் எத்தனை தரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். டோர்வலில் உங்கள் பெயரை ஒருவரும் சரியாய்ச் சொன்னதில்லை, அவரவர் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டதற்கெல்லாம் ஓம் என்றீர்கள். ஓயாமல் அறுந்த பெல்ற்றுக்கு நீங்கள் வழி கண்டுபிடித்தீர்கள், பாராட்டு மேற்பார்வைக்காரருக்குப் போனது, நீங்கள் அவருடைய விருந்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேக் சாப்பிட்டீர்கள். கோயில் மண்டபத்தில் கதைத்தவர்களுக்கும் மறுமொழி இல்லை. அதற்குப் பெயர்தான் சத்தமில்லாத மனிதர். செத்து ஒரு வருசத்துக்குப் பிறகும், நீங்கள் உங்கள் கையால் செய்த சாமானில் உங்கள் பெயர் 'தெரியாது' என்றால் நான் என்ன கல்லோ?

"எனக்குத் தெரியும்" என்றேன். "அந்தாளோட ஒரே கட்டிலில படுத்தனான். பேர் சேவியர். எழுதுங்கோ."

இந்தத் துறையில் அறியப்படாத பெயருக்கு மதிப்பில்லை, மடாம் என்றார் பொறுமையாய். எழுதினால்தானே அறியப்படும் என்றேன். அவர் எழுதும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிக் கொடுத்தது நான். உங்களைப் பெயர் சொன்னது அன்றைக்குத்தான், கோவிக்காதீர்கள்.

அனிற்றாவின் காரில் திரும்பி வந்தோம். விலைபோகாத துவக்கு பின்னால் கிடக்கிறது, புரோசார்ட் அறை கைநழுவிப் போகிறது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அதோடு இன்னொன்றும் என்னைப் போட்டு அரித்தது. ஒரு வேலையையும் அரைகுறையாய்ச் செய்யாத மனிதர் உலோகத்தில் பிழை விடுவாரா? செம்பு கூடின கலவை டோர்வல் பட்டறைக் கழிவுக்குள் எவ்வளவோ கிடந்திருக்கும். கேட்டால் யார் மறுத்திருப்பார்கள்? அந்த மஞ்சளை நான் வேறு எங்கேயோ கண்டிருக்கிறேன், அதுவும் கிட்டடியில்.

வீட்டு வாசலில் கார் நிற்கும்போது பிடிபட்டது. குசினிப் பேப்பரில், மணிக்குப் பக்கத்தில். அந்த ஒற்றைத் தண்டு.

சப்பாத்தைக் கழற்றாமல் நேரே கீழே இறங்கினேன். உங்கள் லேத் மெஷினுக்குக் கீழ் லாச்சியை இழுத்தேன். துணியில் சுற்றியபடி இருந்தது, அனிற்றா உடைத்த தண்டின் மேல்பாதி. கீழ்ப்பாதியைக் காணவில்லை, அதிலிருந்துதான் அந்த மூன்று ஆணியையும் கடைந்து எடுத்திருக்கிறீர்கள். மிச்சத்தின் நுனியில் இரும்பறுக்கிற வாளால் அறுத்த அடையாளம். பக்கத்தில் சரி வராத ஒரு சின்ன மஞ்சள் ஆணி.

அனிற்றா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது நான் உடைச்சதெல்லோ?"

ஓம் என்றேன்.

"அப்பா எறியேல்லையே" என்று சொல்லிக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். உடைத்த அன்றைக்கு நான் அவளுக்கு ஏசின ஏச்சு எனக்கும் நினைவு, அவளுக்கும் நினைவு. நீங்கள் அன்றைக்குத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கீழே போனீர்கள். இருவரும் படியில் இருந்து அழுதோம். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காரில் கிடந்த துவக்கை எடுத்துவந்து மடியில் வைத்து அந்த மூன்று வட்டத்தையும் விரலால் தடவினாள்.

சில நாளில் ஜில் அவளுக்குப் போன் பண்ணினார். சேகரிப்பாளர் இன்னும் காத்திருக்கிறார், மனம் மாறினால் கறுப்பாக்கித் தருகிறேன் என்றாராம். அவள் பிரெஞ்சு கதைத்தால் நொண்டாது, உங்களுக்குத் தெரியும். அடுப்படியில் நின்று கேட்டேன், கடகடவென்று இரண்டு நிமிசம் போனது. கடைசியில் 'மெர்சி, ஓ றவுவார்' என்று நன்றியும் விடையும் சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விக்கிறேல்லை எண்டு சொல்லிட்டன். புளி எங்க வாங்கிறதெண்டு கேக்கிறார் அம்மா."

புளியைப் பற்றி உண்மையாய்த்தான் கேட்டாரா, என்னைச் சிரிக்க வைக்க இவள் சொன்னாளா தெரியாது. சிரித்தேன். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் சிரித்த சிரிப்பு அதுதான்.

மருமகனோடு அவளே கதைத்தாள். சுடுகிற ஊசியைக் கழற்றி வேறாக்கிவிட்டோம், இனி அது சுடாது. சேகரிப்பாளர்கள் கேள்விப்பட்டால் நெஞ்சைப் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். நான் புரோசார்ட்டுக்கு வந்துவிட்டேன், துவக்குக்கும் இங்கே பூட்டுப் போட்ட கண்ணாடி அலுமாரி வந்துவிட்டது, வாசலால் நுழைகிறவர் கண்ணுக்கு முதலில் படுகிற இடத்தில். மாதா சுரூபமும் அதே தளம்தான். மாதாவிடம் கேட்டுவிட்டேன். தன்னுடைய மெழுகுதிரித் தண்டு அதற்குள் இருக்கும்போது அவ என்ன சொல்லப் போறா? ஒற்றைத் தண்டைத் துவக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இத்தனை காலத்துக்குப் பிறகு சோடி சேர்ந்திருக்கிறது.

கோயில் சனம் வீடு பார்க்க வந்தது. துவக்கைக் கண்டு வாயைத் திறக்க முதல் நானே தொடங்கிவிட்டேன். இது என்ர மனிசன் திருத்தினது, இந்த மூன்று இடத்தையும் பாருங்கோ என்று ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று கதைத்தவர்களில் ஒருத்தியையும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். வடிவாய்த்தான் கிடக்கு என்றா. சத்தமில்லாத மனிதரின் மனிசிக்குச் சத்தம் இருக்கிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

இனி ஒன்றே ஒன்று கேட்கிறேன். துவக்கைத் தெரிந்த எவரும் அதை விளக்கமாட்டார் என்று அந்தக் கடைக்காரர் சொன்னாரே, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் துவக்கைத் தெரியாத, பித்தளையைக் கண்டால் விடாத ஆள் ஒன்றுதான் இருந்தது. நீங்கள் இருக்கும்வரை தொடாதையும் என்று மறித்தீர்கள். போன பிறகு மறிக்க ஆளில்லை என்பதும், உங்கள் ஆண்டுக்கு நான் புளியோடு கீழே இறங்குவேன் என்பதும் உங்களுக்குத் தெரியாமலா அந்த மஞ்சளை எடுத்துப் போட்டீர்கள்? துவக்குத் தெரிந்த ஆட்களுக்கெல்லாம் மறைத்து, எனக்கு மட்டும் தெரியட்டும் என்று விட்டீர்களா? இல்லை, கைக்குக் கிட்டக் கிடந்ததை எடுத்துக் கடைந்தீர்களா?

மறுமொழி சொல்லமாட்டீர்கள். எப்போது சொன்னீர்கள்? நான் முதலாவதைத்தான் நம்புவேன். அதை இல்லையென்று நிறுவ உங்களாலும் இனி முடியாது.

வாக்குத் தருகிறேன், கேளுங்கள். ஒவ்வொரு வருசமும் உங்கள் பூசைக்கு முதல் அந்த அலுமாரியைத் திறப்பேன். என் கை நடுங்கத் தொடங்கினால் அனிற்றா தேய்ப்பாள், அவளுக்குப் புளி கரைக்கப் பழக்கிவிட்டேன். சேகரிப்பாளர் வரட்டும், கடைக்காரர் வரட்டும், நீங்களே எழும்பி வந்து தொடாதையும் என்று நில்லுங்கள். அந்த மூன்று இடத்தையும் நான் கறுக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களைக் கேட்காமல் விளக்கின,
இனியும் கேட்காமல் விளக்கப் போகிற
உங்கட மனிசி றெஜினா